சிவப்பியின் மேல் திருகு

மார்ச் 2

மாண்புமிகு அணைக்கட்டு இன்ஜினியர் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் காரை விற்பது பற்றி நாலு பக்கம் எழுத ஏது தெம்பு?

நீங்கள் அங்கே அணையில் பம்புகளோடு, நான் இங்கே மாடுகளோடு, ஷெட்டில் நிற்கும் நம் சிவப்பியை யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பின் அச்சு ஊளையிடுகிறது, இப்படியே ஓட்டினால் டிஃபரன்ஷியல் பல்லெல்லாம் போய்விடும் என்கிறீர்கள். அதெல்லாம் சரி. கடைசியில், பல் டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நல்ல மனிதர், கொடுத்துவிடலாம் என்று ஒரு வரி போட்டீர்களே, அங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த நல்ல மனிதர் போன வாரம் தன் பூனையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். பூனைக்கு ஒன்றுமில்லை. "டாக்டரம்மா, உங்க வண்டி தெருமுனையில வரும்போதே நாயெல்லாம் பதில் குரல் குடுக்குது. எங்கிட்ட குடுத்துடுங்க. மலைப் பந்தயத்துக்கு நான் கொண்டு போறேன். உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். ஊசியைப் பூனைக்குப் போடுவதா அவருக்குப் போடுவதா என்று யோசித்தேன்.

கல்யாணமான புதிதில், பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் கோழி அடைந்துகிடந்த இந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை நாம் இருவரும் சேர்ந்துதானே இழுத்து வந்தோம்? நீங்கள் கதவுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தபோது சீட்டுக்குத் தோல் தைத்தது யார்? மாட்டுக்குத் தையல் போடும் ஊசியால் தைத்தேன். இன்றுவரை ஒரு தையல் விடவில்லை. வீட்டில் நம் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். அவளையும் அனுப்பிவிட்டால் நீங்கள் எனக்கு எதற்காகக் கடிதம் எழுதப்போகிறீர்கள்?

ஆகவே ஒரு பந்தயம். மே மாதக் கடைசி ஞாயிறு, பழைய கார்களுக்கான மலை ஏற்றம். பெயர் கொடுத்துவிட்டேன். அதற்குள் டிஃபரன்ஷியல் எண்ணெயை நானே வடித்து, உள்ளே என்ன கோளாறு என்று பார்த்து, புது எண்ணெய் விடப்போகிறேன். சிவப்பி ஊளையிடாமல் உச்சி ஏறினால் விற்கிற பேச்சே எழக் கூடாது. வழியில் ஒரு தரம் ஊளையிட்டாலும் பல் டாக்டர் கையில் சாவியை நானே கொடுக்கிறேன்.

எப்படிச் செய்வது என்று மட்டும் எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் இருவரில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். அதனால்தானே கடிதம் என்று முடிவு செய்தோம்? கடிதத்தை யாரும் பாதியில் வைத்துவிட முடியாதல்லவா?

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாகிய
மாட்டு டாக்டர்


மார்ச் 10

டாக்டரம்மாவுக்கு,

பந்தயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதையும் அடிப்படையிலிருந்து தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். ஆகவே ஆதியிலிருந்து தொடங்குகிறேன்.

டிஃபரன்ஷியல் என்பது பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில், அச்சில் உருண்டையாக இருக்கும் இரும்புப் பெட்டி. வண்டி வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம்தான் போகும், வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போயாக வேண்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றச் சொன்னால் ஒன்று இழுபடும், டயர் தேயும், அச்சு முறுக்கிக்கொள்ளும். அதனால் அவரவர் வேகத்தில் சுற்ற விட்டு, இரண்டு பேரையும் ஒரே வழியில் கொண்டுபோவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அதற்குள் இருக்கும் பல் சக்கரங்கள் எண்ணெயில் முழுகியிருக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் ஊளை.

பக்கம் 2.

முதலில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி விட்டு வா. சூட்டில் எண்ணெய் இளகும், சுலபமாக வடியும். பிறகு சமதரையில் நிறுத்தி நாலு பக்கமும் தூக்கி ஸ்டாண்டு கொடு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. இதை மூன்று முறை படி. பெட்டியின் அடியில் சதுரக் குழியோடு ஒரு திருகு இருக்கும். அதுதான் கீழ்த் திருகு. அகலமான தொட்டியை வைத்துவிட்டு அதைத் திறந்தால் எண்ணெய் வடியும்.

பக்கம் 3.

எண்ணெய் அழுகிய முட்டை போல நாறும், பயப்படாதே. கீழ்த் திருகின் நுனியில் காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் வெறும் தேய்மானம். கைக்குக் கூர்மையாக ஏதாவது தட்டுப்பட்டால் பல் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் உன் பந்தயம் அங்கேயே முடிந்தது. பெட்டியின் மூக்குப் பக்கம், முன்னாலிருந்து வரும் நீளத் தண்டு சேரும் இடத்தில், ஒழுகல் இருக்கிறதா என்றும் பார். இருந்தால் ரப்பர் சீலை மாற்ற வேண்டும். சீல் என் அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. சீலை எடுக்க, அந்தத் தண்டின் நடு நட்டைக் கழற்றும் முன் அது இருந்த இடத்தை அடையாளம் போட்டுக்கொள். திரும்ப அதே இடத்தில் நிறுத்தாவிட்டால் புது ஊளை வரும்.

பக்கம் 4.

எண்ணெய்களின் வகை பற்றி. (இதை நிதானமாகப் படி, ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். கடைக்காரன் இன்ஜின் எண்ணெயைத் தலையில் கட்டப் பார்ப்பான்.)

பக்கம் 5.

இங்கே எல்லாம் வழக்கம் போல. என் ஜன்னலுக்கு எதிரே நீ பந்தயம் விடப்போகும் மலையின் முதுகுதான் தெரிகிறது. உனக்கும் எனக்கும் நடுவில் அந்த ஒரு மலைதான். ரயில்தான் அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வருகிறது. உண்மையைச் சொன்னால் அந்த ஊளை எனக்குப் பழகிப்போன ஒன்று. நீ வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போதே கேட்கும், டீக்குத் தண்ணீர் வைப்பேன். நீ பூட்ஸைக் கழற்றி முடிப்பதற்குள் டீ தயார். இங்கே எந்த வண்டி வந்தாலும் ஒன்று போலத்தான் இருக்கிறது. அடுப்புப் பக்கமே போவதில்லை.

பக்கம் 6.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
இன்ஜினியர்

பி.கு.: முக்கியமான விஷயம். கீழ்த் திருகைத் தொடுவதற்கு முன்னால், பெட்டியின் பக்கவாட்டில் உயரத்தில் இருக்கும் மேல் திருகு கழல்கிறதா என்று பார்த்துக்கொள். எண்ணெய் விடுவது அதன் வழியாகத்தான். ஊற்ற வழி இருக்கிறதா என்று தெரியாமல் வடிக்கவே கூடாது. வடித்த பிறகு மேல் திருகு கழலவில்லை என்றால் வண்டியை ஒரு அடி நகர்த்த முடியாது.


மார்ச் 17

பி.கு. இன்ஜினியருக்கு,

பி.கு.வாம், முக்கியமான விஷயமாம்! தலை போகிற சமாச்சாரத்தை வாலில் கட்டி அனுப்புகிற ஆளை உலகத்திலேயே இப்போதுதான் பார்க்கிறேன் என்று எழுத நினைத்தேன். பொய். கல்யாணம் ஆனதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டாம் பக்கத்தில் "கீழ்த் திருகைத் திறந்தால் எண்ணெய் வடியும்" என்று படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தேன், நான்காம் பக்கத்தில் எண்ணெய்ப் புராணம் என்றதும் மடித்து வைத்துவிட்டேன். ஞாயிறு காலை கம்பவுண்டரைக் கூப்பிட்டு டார்ச்சைப் பிடிக்கச் சொன்னேன். மாட்டுக்குப் பின்னால் படுப்பதற்கும் காருக்கு அடியில் படுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கார் உதைக்காது, அவ்வளவுதான். ஸ்டாண்டு நாலும் வைத்தேன், கவலை வேண்டாம்.

கீழ்த் திருகு சமர்த்தாகக் கழன்றது. கன்னங்கரேலென்று எண்ணெய் கொட்டியது. கம்பவுண்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா, இது செத்துப்போன வண்டி. புதைச்சுடலாம்" என்றார். வர வேண்டியதில் பாதிதான் வந்தது. மீதி எங்கோ ஒழுகியிருக்கிறது, ஊளைக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. காந்தத்தைத் துடைத்துப் பார்த்தேன். மை மட்டும்தான். கூர்மையாக ஒன்றும் இல்லை. குஷி இன்னும் ஏறியது.

பிறகு, கீழ்த் திருகு என்று ஒன்று இருந்தால் எண்ணெய் ஊற்ற மேலேயும் ஒன்று இருக்க வேண்டுமே என்று மேல் திருகைத் தேடிப் போனேன்.

அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. காரணம், ஒரு மகானுபாவர் அச்சு முழுக்க வெள்ளிப் பெயின்ட்டை வாரி இறைத்து, திருகையும் சேர்த்து மெழுகி வைத்திருக்கிறார். சுரண்டிக் கண்டுபிடித்தேன். என் பலம் கொண்ட மட்டும் திருகினேன். கம்பவுண்டர் திருகினார். இரும்புக் குழாயை ஸ்பேனரில் மாட்டி இருவரும் சேர்ந்து தொங்கினோம். ஸ்பேனர் வளைந்தது, திருகு அசையவில்லை. சோர்ந்துபோய் உட்கார்ந்து, இதற்கு ஏதாவது எழுதியிருப்பீர்கள் என்று கடிதத்தை எடுத்துக் கடைசிவரை படித்தேன். அப்போது என் முகத்தை நீங்கள் பார்க்கவில்லையே என்று சந்தோஷப்படுங்கள்.

இப்போது சிவப்பி எண்ணெய் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறாள். என்ன செய்வது? இந்த முறை ஒரே பக்கம்.

இப்படிக்கு,
வளைந்த ஸ்பேனர்


மார்ச் 25

டாக்டரம்மாவுக்கு,

ஒரே பக்கம் கேட்டாய். எழுதுகிறேன்.

பெயின்ட் அடித்தது நான்தான். ஆனால் கடைசிவரை படித்திருந்தால் அது கழலவில்லை என்பது வடிக்கும் முன்பே தெரிந்திருக்கும். நீ எப்போதும் அப்படித்தான். கடைசிவரை கேட்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இந்த அணை வேலை வந்த அன்று, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உன்னிடம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தேன். வேலை என்ன, குவார்ட்டர்ஸ் எப்படி, லீவு எத்தனை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் பண்ணையிலிருந்து ஆள் வந்தது. நீ கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாய். திரும்பி வந்ததும் "போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, தாராளமா போங்க" என்றாய். நான் சொல்ல வந்ததே நீ எழுந்து போன பிறகுதான் வர இருந்தது. போகட்டும், பழைய கதை.

திருகுக்கு வருகிறேன். லேத் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுத் துளை போட்டு எடுக்கச் சொல். அதிலும் ஆபத்து உண்டு, இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் பல் சக்கரத்தை அரைத்துவிடும். அது வேண்டாம் என்றால் பல் டாக்டர் இருக்கிற நிலையிலேயே ஏற்றிக்கொண்டு போகத் தயார் என்று எழுதியிருக்கிறார். நீ கீழ்த் திருகைத் திறந்ததே பெரிய விஷயம். தோற்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அன்புடன்,
இன்ஜினியர்

பி.கு.: ஒன்றுமில்லை. பழக்கதோஷம்.


ஏப்ரல் 14

என்னங்க,

கழன்றது! கழன்றது! கழன்றது!

முக்கியமான விஷயத்தை முதலில் எழுதுவது எப்படி என்று பார்த்துக்கொண்டீர்களா?

"தோற்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்ற வரியை ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன், கோபம் குறையக் கூடாது என்று. கழலவைக்கும் எண்ணெயைத் தினமும் காலையும் மாலையும் மேல் திருகுக்குத் தடவினேன். கம்பவுண்டர், "நோயாளிக்கு மருந்து குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளினிக்கைப் பூட்டுவார். திருகு மட்டும் கல்லுளிமங்கனாக இருந்தது.

போன வாரம் பால் பண்ணையில் ஒரு பிரசவம். முதல் ஈற்று. கன்றின் தலை மடங்கிச் சிக்கிக்கொண்டது. நான் போவதற்குள் பண்ணைக்காரர்கள் நாலு பேர் கயிற்றைக் கட்டி இழுத்து, மாட்டையும் கன்றையும் பாதி கொன்றிருந்தார்கள். "கயித்த விடுங்க! இழுக்க இழுக்கத்தான் சிக்கும். முதல்ல உள்ள தள்ளணும், அப்பறம்தான் வெளிய வரும்" என்று கத்தினேன். தோள்வரை கையை விட்டுக் கன்றை ஒரு சாண் உள்ளே தள்ளி, தலையை நிமிர்த்தினேன். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கிடேரிக் கன்று, வாலை ஆட்டியது. கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாக நானும் அந்த நாலு பேரைப் போல ஒரே பக்கமாகத்தானே இழுத்துக்கொண்டிருக்கிறேன்!

பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்கு ஓடினேன். கன்றுகளுக்குக் கொம்பு சுடும் இரும்பு இருக்கிறதே, அதைக் காயவைத்து, திருகைத் தொடாமல் அதைச் சுற்றியிருக்கும் பெட்டிக்கு மட்டும் சூடு கொடுத்தேன். கம்பவுண்டர் மணல் வாளியோடு, கதவுக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றார். பிறகு ஸ்பேனரை மாட்டி, திறக்கிற பக்கம் இல்லை, இறுக்குகிற பக்கம் ஒரு தள்ளு தள்ளினேன்.

'டக்' என்றது. எலும்பு சேருகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் திறக்கிற பக்கம் திருப்பினேன். உங்கள் வெள்ளிப் பெயின்ட் உதிர உதிர, தயிர்ப் பானை மூடியைப் போல வந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கம்பவுண்டர் மணல் வாளியைத் தன் கால் மேலேயே போட்டுக்கொண்டார்.

மீதியெல்லாம் சொல்லி வைத்தது போல நடந்தது. டார்ச்சைப் பிடித்து உள்ளே பார்த்தேன். ஒரு பல்கூடச் சிதையவில்லை. மூக்கில்தான் ஒழுகல். உங்கள் அலமாரியின் இரண்டாம் தட்டில் சீல் இருந்தது. (மூன்றாம் பக்கத்தையும் இப்போது வரிவரியாகப் படித்துவிட்டேன்.) நடு நட்டுக்கு மாட்டுப் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தால் அடையாளம் வைத்தேன். என் விரலெல்லாம் இன்னும் ஊதாதான். பழைய நட்டு திரும்பி வந்து அடையாளத்தில் நின்றபோது மூச்சு விட்டேன். நான்காம் பக்கத்தில் சொன்ன எண்ணெயைத்தான் வாங்கினேன். கடைக்காரன் இன்ஜின் எண்ணெயை நீட்டத்தான் செய்தான். அதை மாட்டுக்கு மருந்து புகட்டும் பெரிய ஊசிக்குழலில் உறிஞ்சி, மேல் துளை வழியாகப் புகட்டினேன். துளையின் விளிம்புவரை வந்து ஒரு சொட்டு வெளியே வழிந்ததும் நிறுத்தினேன். சிவப்பிக்கு வயிறு நிறைந்தது.

ஊருக்கு வெளியே போகும் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். ஊளை இல்லை. இன்ஜின் பாட்டு மட்டும்தான். வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், வளைத்தேன். பின்னாலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. திரும்பி வரும்போது தெருநாய்கள் எழுந்து நின்று பார்த்தன, என்ன பாடுவது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்று கண்ணில் பட்டதால் என்று கம்பவுண்டரிடம் சொல்லி வைத்தேன். உங்களிடம் பொய் எதற்கு?

இன்னொரு விஷயம். அன்று நான் பாதியில் எழுந்து போனேன், உண்மை. இப்போது ஒரு மாதமாக ஒரு பி.கு.வைப் படிக்காததன் பலனை அனுபவித்தவள் கேட்கிறேன். அன்று கடைசியில் என்ன சொல்ல வந்தீர்கள்? முதல் வரியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஊதா விரல்காரி


மே 20

நீயும் என்னோடு வந்தால்தான் போவேன், இல்லாவிட்டால் இந்த வேலையே வேண்டாம்.

இதுதான் அன்று சொல்ல வந்தது. முதல் வரியில் எழுதிவிட்டேன். சலாம் வைக்கக்கூட நிற்கவில்லை பார்.

இந்த ஒரு வரிக்காகத்தான் உன் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் போடவில்லை. பக்கம் பக்கமாக எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அது எப்படியோ கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். எனக்கு அப்படித்தான் வருகிறது. மனதுக்கு மிக அருகில் இருப்பதைச் சொல்வதற்கு முன்னால் எல்லாத் திருகையும் ஒரு தரம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

நீ "தாராளமா போங்க" என்ற பிறகு, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீம்பு. உனக்கும்தான்.

இந்த மாதக் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கச் சொல்லிக் காகிதம் மேஜை மேல் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. போடுவதா வேண்டாமா என்பதை நீ சொல்.

உள்ளே தள்ளிவிட்டு வெளியே எடுக்கிற வித்தையை எந்த இன்ஜினியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இங்கே பம்பு அறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "எங்க வீட்டம்மா கழட்டிட்டா" என்று சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. நேற்று ஒரு வால்வு மூடி இறுகிக்கொண்டது. சின்ன இன்ஜினியர் ஒருவர், "சார், உங்க வீட்டம்மா முறைப்படி பண்ணலாமா?" என்றார். பண்ணினோம். கழன்றது.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்து வைத்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊளை கேட்கவே கூடாது என்று நான் ஏங்கப்போவது இதுதான் முதல் தடவை.

ஜெயித்து வா.

உன்,
இன்ஜினியர்

பி.கு. கிடையாது.


மே, கடைசி ஞாயிறு, மலையுச்சி

என்னங்க,

ஜெயித்துவிட்டோம். முதல் இடம். சிவப்பி ஒரு தடவைகூட ஊளையிடவில்லை.

பரிசு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் வைத்துக் கிறுக்குகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வண்டியாக இடைவெளி விட்டு அனுப்பினார்கள். பல் டாக்டர் எனக்கு முன்னால் போனார். வெள்ளைக் கையுறை, புதுக் கண்ணாடி, வண்டி கல்யாண மாப்பிள்ளை போல மின்னியது. நான் கிளம்பும்போது கம்பவுண்டர் ஓடி வந்து, "டாக்டரம்மா, மெதுவா போங்க" என்றார். பந்தயத்துக்குப் போகிறவளுக்கு இப்படி வாழ்த்துச் சொன்ன ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

முதல் சில கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு மூச்சே இல்லை. காதை முழுக்கப் பின் சக்கரங்களில் வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவுக்குள்ளும், இதோ இப்போது ஊளையிடப் போகிறாள் என்று பயந்தேன். உள்சக்கரம் தயங்கியது, வெளிச்சக்கரம் ஓடியது, இரண்டும் ஒரே பாதையில் சேர்ந்து வந்தன. நீங்கள் முதல் பக்கத்தில் எழுதியது சரிதான். அப்படியொரு பெட்டி நம் வீட்டில் இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். பாதி மலை வந்ததும் பயம் போய்விட்டது. அதற்கப்புறம் நான் ஓட்டவில்லை, பறந்தேன்.

மேலே ஏறும்போது ஓரமாக ஒரு வண்டி மூடியைத் திறந்துகொண்டு நீராவி கக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைக் கையுறை. "என்ன டாக்டரம்மா, சத்தத்தையே காணோம்!" என்று கத்தினார். "பல்லெல்லாம் கெட்டியா இருக்கு சார்!" என்று நானும் கத்திவிட்டுப் போனேன். இந்த ஒரு வரிக்காகப் பத்து ஊதா விரலையும் தருவேன்.

உச்சியில் கோப்பை கொடுத்தார்கள். "வண்டியை எந்தப் பட்டறையில பார்த்தீங்க?" என்று நடுவர் கேட்டார். "வீட்லதான். நான் கழட்டினேன், எங்க வீட்டுக்காரர் ஆறு பக்கம் பேசினார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அது முழு உண்மை.

இப்போது எல்லா வண்டியும் வந்த வழியே இறங்குகின்றன. பின்னாலேயே வேனில் ஏறி வந்த கம்பவுண்டரை மற்றவர்களோடு அனுப்பிவிட்டேன். "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மலையின் முதுகைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை.


அதே நாள், மாலை

மறுபக்கமாக இறங்கி வந்துவிட்டேன். இறக்கம் முழுக்க உங்கள் அணை தெரிந்துகொண்டே வந்தது. இவ்வளவு அருகிலா இருந்தீர்கள்?

உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. காவலாளியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவர் சிவப்பியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் சீட்டில் இப்போதைக்குக் கோப்பை உட்கார்ந்திருக்கிறது. அதைக் காலடியில் வைத்துக்கொண்டு வீடுவரை வரலாம். வழி நெடுக எத்தனை பக்கம் வேண்டுமானாலும் பேசுங்கள். நான் கடைசிவரை கேட்கிறேன். ஓட்டிக்கொண்டிருப்பவள் எழுந்து போக முடியாதே!

சற்று முன் கீழே ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டிருக்கும். ஏதோ ஆபீஸ் ஜீப் என்று நினைத்திருப்பீர்கள். ஜீப் இல்லை. இனிமேல் ஊளை கேட்காது, நீங்கள்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

உங்கள்,
மாட்டு டாக்டர்

பி.கு.: டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கீழே வாருங்கள். நான் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன்.